மாலை உயரம்

க்ரோனிங்கன் ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில்
பட்டாளப் பேரேடுகளைப் படம் பிடிப்பது என் வேலை.
நாளொன்றுக்கு நானூறு பக்கம்.
மேசை எனக்குத் தாழ்வு.
அதன் கால்களுக்கு அடியில் நான்கு செங்கல்
யாரோ கேட்காமலே வைத்துப் போனார்கள்.

பெயர். தகப்பன் பெயர். தொழில்.
முகம்: நீளம். மூக்கு: சாதாரணம். தழும்பு: இல்லை.
அதன் பிறகு உயரம்.
மீட்டர் வந்துவிட்ட காலம்தான்,
பழைய சொற்களை விட மனமில்லை எழுத்தருக்கு:
ஒரு கோல், ஐந்து உள்ளங்கை,
நான்கு கட்டைவிரல், ஒன்பது கோடு.
உடம்பை அளக்க உடம்பே.

அந்த ஒன்பது கோட்டுக்காரன் ஃபொக்கோ எய்ட்டிங்கா.
பெக்கெலாவில் சதுப்பு வெட்டிக் கரி எடுக்கும் கூலி.
பிறந்தது நாற்பத்தாறு அக்டோபர்,
எண்ணூற்று நாற்பத்தாறு.
அந்த வருடம் உருளைக்கிழங்கு
மண்ணுக்குள்ளேயே கறுத்துக் குழைந்தது.
அவன் தாய் எதைத் தின்று பால் கொடுத்தாள்,
அதற்குப் பேரேட்டில் கட்டம் இல்லை.
பத்தொன்பது வருடம் கழித்து
அவன் எலும்பு சொல்கிறது,
கோலுக்குக் கீழே நின்று.

எண்சாண் உடம்பு என்பது பேச்சுக்கு.
அதில் ஒரு சாண் வயிறு
மீதி ஏழையும் எழுதிவைக்கிறது.

துப்பாக்கி தூக்க நூற்றைம்பத்தைந்து வேண்டும்.
ஃபொக்கோவுக்கு ஒரே ஒரு கோடு குறைவு.
ஓரத்தில் சாய்ந்த கையெழுத்து:
குட்டை. அடுத்த ஆண்டு வரட்டும்.

பக்கத்தைத் திருப்பப் போன கை நின்றது.
அதே ஊர், அதே தேதி, ஏழு பையன்கள்.
ஒருவனுக்கு இரண்டு கோடு குறைவு,
ஒருவனுக்கு மூன்று,
நால்வருக்கு ஃபொக்கோ போலவே ஒன்று.
மயிரிழையில் தப்புவது சரி,
ஏழு பேரும் ஒரே இழையிலா?

இடையில் செருகிய ஒரு காகிதம், சார்ஜெண்ட்டின் புகார்:
இந்தப் பயல்கள் அளவுக்கு வரும் முந்தின இரவு
தோளில் ஈரக்கரி மூட்டையோடு
கால்வாய்க் கரையில் விடியவிடிய நடக்கிறார்கள்.

சிரித்துவிட்டேன், தனியாக.
காலையில் இருக்கும் உயரம் மாலையில் இருக்காது,
முதுகெலும்புகளின் நடுவே உள்ள மெத்தை நசுங்கும் என்று
எந்த டாக்டரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான்.
சுமந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா என்ன.
ஏற்கெனவே பஞ்சம் குறைத்துக் கொடுத்ததை
இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள
இருட்டில் ஏழு பேர் நடக்கிறார்கள்.
யாராவது பாடியிருப்பார்களா?
மூச்சுக்கே போதாதிருந்திருக்கும்.

என் மகன் யெல்மர் இரண்டு மீட்டர் மூன்று.
டாங்கிப் படையில் சேர ஆசைப்பட்டான்.
மார்ச்சில் போய், மதியமே திரும்பினான்.
உட்கார்ந்தால் தலைக்கு மேல் மூடி சாத்த முடியாதாம்.
அளந்த அதிகாரி மன்னிப்புக் கேட்டாராம்,
ஏதோ கடையில் அவன் அளவுச் சட்டை
தீர்ந்துபோனதைப் போல.
எனக்குள் எழுந்த சந்தோஷத்தை
அடுப்பின் பக்கம் திரும்பி நின்று மறைத்தேன்.

இளையவள் மாரித் என் காதுக்குக் கீழே நின்றுவிட்டாள்.
நாட்டின் உயரமே நின்றுவிட்டது,
ஒரு சென்டிமீட்டர் இறங்கவும் செய்கிறது என்று பத்திரிகையில்.
காரணம் தேடுகிறார்கள்.
அவள் தேடவில்லை.
கடையில் எடுத்த ஜீன்ஸ் எடுத்தபடியே பொருந்துகிறது அவளுக்கு.

நேற்றுக் காலை குளியலறைக் கதவுச் சட்டத்தில் சாய்ந்து
தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடச் சொன்னேன்.
பகல் முழுக்கப் பேரேட்டுப் பெட்டிகளைச் சுமந்து
மூன்றாம் தளத்துக்கு ஏற்றினேன், லிஃப்ட் இருந்தும்.
இரவு இன்னொரு கோடு.
நடுவில் ஒரு சுண்டுவிரல் படுத்துறங்க இடம்.
துடைக்காதே என்றேன் யெல்மரிடம்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.

ஃபொக்கோ அடுத்த ஆண்டு வந்தானா தெரியாது.
அடுத்த ஆண்டுப் பேரேடு என்றோ நனைந்து
பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடக்கிறது.
பிரிக்கத் தெரிந்தவர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.