வெட்டிய இடம்

காலை எட்டு மணி நேரலைக்கு
முப்பத்தொரு பேரில் நான்கு கட்டங்கள் வந்தன.
ஒன்றில் மின்விசிறி.
ஒன்றில் யாருடைய நெற்றியோ.
மற்ற இரண்டும் கறுப்பு,
பெயர் மட்டும் வெள்ளையில்.

மீதிப் பேரின் கைப்பேசிகள்
அந்நேரம் வேலைக்குப் போயிருந்தன.
பகாவ் பேரங்காடிக் கல்லாவுக்கு அடியில் ஒன்று.
செம்பனை நாற்றங்காலில்
வியர்த்த சட்டைப்பைகளுக்குள் சில.
லோவேந்திரன் வீட்டுப் போன்
ஆலையில் இரவு வேலை முடித்து
அப்பாவின் தலைமாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

நேரலையை விட்டேன்.
இனி மூன்று நிமிடக் காணொளி, பதினோரு எம்பி.
அதற்கு மேல் போனால் டாப்-அப் தாங்காது என்று
கவிஷாவின் அம்மா குரல்பதிவில் சொல்லியிருந்தார்,
பின்னால் குக்கர் விசிலடிக்க.

ஐந்தாம் ஆண்டு அறிவியல்: ஆவியாதல்.
மைவி காரின் கூரைமேல் ஒரு பீங்கான் தட்டு, நிறையத் தண்ணீர்.
பத்து மணிக்கு எடுத்தேன்.
இரண்டு மணிக்கு மறுபடி எடுத்தேன்.
நடுவில் இருந்த நான்கு மணி நேரத்தை
ஆள்காட்டி விரலால் வெட்டி எறிந்துவிட்டு
இரண்டையும் ஒட்டினேன்.
மேலே என் குரல். வகுப்பில் பேசும் குரல் அல்ல.
செய்தி வாசிப்பவள் ஒருத்தி
எனக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தாள்.

விடைகள் இரவு ஒன்பதரைக்கு மேல் வந்தன,
படம் படமாக, சாய்வாக, சிலது எண்ணெய்க் கறையோடு.
தண்ணீர் எங்கே போனது?
'நீறாவியாக மாறியது' என்று முப்பது பேர்.
வல்லின றகரம் நான் திரையில் செய்த பிழை.
அதையும் விடாமல் எழுதியிருந்தார்கள்.

லோவேந்திரன் மட்டும்:
'டீச்சர் வெட்டுன எடத்துல போச்சு.'

தவறு என்று சிவப்பு வைத்தேன்.
பதினொரு மணிக்குத்தான் நினைவு வந்தது,
அப்பா தூங்கும் அறையில்
சத்தமில்லாமல் பார்த்திருப்பான்.
நானும் ஒலியை அணைத்துப் பார்த்தேன்.

தட்டு நிறையத் தண்ணீர்.
ஒரு துள்ளல்.
இடப்பக்கம் விழுந்த நிழல் வலப்பக்கத்தில்.
எங்கிருந்தோ ஒரு காகிதப் பூ.
தட்டு காலி.
என் குரலை எடுத்துவிட்டால்
அது பாடமே இல்லை, கண்கட்டு வித்தை.

சிவப்பை எடுத்தேன்.
சரி போடவும் கை வரவில்லை.

பள்ளி திறந்ததும்
ஓரத்தில் பச்சை வழியும் புரொஜெக்டரில்
அதே காணொளியை ஊமையாக ஓட்டினேன்.
துள்ளலுக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினேன்.
அடுத்து என்ன ஆகும்?
மனசுக்குள் பத்து எண்ண வேண்டும்.
ஐந்திலேயே வாய் திறக்கப் பார்த்தது,
கடித்துக்கொண்டேன்.

காக்கா குடிச்சிரும்.
தட்டு ஓட்டை.
கார் நகர்ந்திருக்கும் டீச்சர், நீங்க கடைக்குப் போயிருப்பீங்க.
யாரும் நீறாவி என்று சொல்லவில்லை.
யாஷ்வினி எழுந்தாள்:
"நடுவுல உள்ளத காட்டுங்க."
இல்லை என்றேன். எடுக்கவே இல்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு சபைகூடல் திடலுக்குப் போனோம்.
மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்
நீர்விளிம்பில் மார்க்கர் கோடு.
முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில்
ஒரு மயிரிழை.
அந்த மயிரிழைக்குக் கைதட்டினார்கள்.
என் போனைப் பிடித்தபடி லோவேந்திரன்
முழங்காலிட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.
வெட்டாமல் எடு என்பது மட்டுமே
நான் கொடுத்த ஆணை.

பதினொன்றரைக்கு மழை வந்தது.

எல்லோரும் நடைபாதைக்கு ஓடினார்கள்.
அவன் ஓடவில்லை.
போனின் மேல் பள்ளிக் கோப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
கோடு ஒவ்வொன்றாக முழுகுவதைப் பார்த்தபடி கத்தினான்,
"நிறுத்தவா டீச்சர்?"

தட்டு வழியத் தொடங்கியிருந்தது.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.