விலை எழுதும் இடம்

அக்கரைப்பற்றில்
நெல் களஞ்சியமாயிருந்த கட்டிடம்.
இப்போது பிள்ளைகளின் அருங்காட்சியகம்.
மூட்டை வண்டி ஏறிய சாய்தளத்தில்
சக்கர நாற்காலி ஏறுகிறது,
புதிதாய் ஒரு கல்லும் வைக்கவில்லை.

பலகை எழுத வந்தவர் பழக்கதோஷத்தில்
சுவரெங்கும் 'தொடாதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனார்.
திருப்பி எழுதக் காசில்லை.
ஒரு காலையும் 'தீர்கள்' என்ற வாலையும் சுரண்டினோம்.
'தொட' என்று மிஞ்சியது.
மிச்சத்தைப் பிள்ளைகள் முடிக்கட்டும்.

நான் வாசலில் சீட்டுக் கொடுப்பவள்.

முதல் மாதம் தலைக்கு நூறு ரூபாய்.
"நூறெல்லாம் ஒரு காசா?
ஒரு பிளேன்டீ, ரெண்டு வடை"
என்றார் கணக்கர் சித்திரவேல்.
அவர் தனியாள்.

ஒரு சனிக்கிழமை
எதிரே டயர் கடை நிழலில்
ஒருவர் நின்றார், மூன்று பிள்ளைகளோடு.
கணுக்காலில் காய்ந்த சீமெந்து.
பலகையைப் படித்தார்.
உதடு அசைந்தது, பெருக்கினார்,
பஸ் காசையும் கூட்டியிருப்பார்.
பிறகு குனிந்து சொன்னார்:
"இண்டைக்குப் பூட்டு."

கதவு ஆவென்று திறந்து கிடந்தது.
உள்ளே யாரோ மணியடித்தார்கள்,
யாரோ விழுந்து சிரித்தார்கள்.
மூத்தவள் கதவைப் பார்த்தாள்.
வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.
"ஓம் வாப்பா, பூட்டுத்தான்"
என்று தம்பிமாரின் கையைப் பிடித்தாள்.

நான் கூப்பிட்டிருக்கலாம்.
சீட்டுப் புத்தகம் மடியில் கிடந்தது.
கூப்பிடவில்லை.

அன்றிரவு கூட்டத்தில் கத்தினேன்.
கத்தி என்ன?
வழி கிடைத்தது மூலையில், தூசுக்குள்:
பழைய நெல் தராசு,
ஆள் ஏறக்கூடிய இரண்டு தட்டு.

இப்போது வாசலில் பிள்ளையை ஏற்றி
மறுதட்டில் நெல் கொட்டுகிறோம்.
"நீங்க ஆறு மரக்கால், ஒரு சுண்டு."
சீட்டில் விலை எழுதும் இடத்தில்
அதைத்தான் எழுதுகிறேன்.
ஒரு தாய் மட்டும் பிள்ளையை இழுத்துக்கொண்டாள்,
"கிளினிக் காட்டில எழுதுவீங்களா?"
இல்லையென்று நம்பவைக்க அரை மணி.

காசுப் பெட்டி உண்டு, கதவுக்குப் பின்னால், இருட்டில்.
ஐந்நூறும் விழும், சட்டைப் பொத்தானும் விழும்.
கணக்கு இன்னும் நேராகவில்லை.
சித்திரவேல் தலையைச் சொறிகிறார்.
மாதக் கடைசியில்
அந்த இருட்டுக்குள் அவரும் ஒருக்கால் போய்வருகிறார்.

உள்ளே நீளமான நீர்மேசை,
கையகல மதகுகள், களிமண் வரப்பு.
மேல்வாய்க்காலில் செனுலி தண்ணீரை மறித்துவைத்தாள்.
கடைவயலில் அளிக்கம்பைப் பையன் தன் மொழியில் ஏசினான்.
அவள் தன் மொழியில் ஏசினாள்.
நடுவே நின்ற யதுர்ஷன்
தன்னையே வட்டவிதானையாக நியமித்துக்கொண்டு
மூன்று விரல் காட்டினான்:
மூன்று எண்ணும்வரை உனக்கு,
மூன்று எண்ணும்வரை இவனுக்கு.
இரண்டு பேரும் அவனை நனைத்தார்கள்.
பிறகு எண்ணினார்கள்.

மார்கழி. அடைமழை.
கட்டுவேலை இல்லாத நாள்.
கணுக்காலில் சீமெந்து இல்லாததால்
முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.
மூத்தவளைத் தெரிந்தது.
பிள்ளைகள் நிறுத்து முடிந்ததும்
அவர் சட்டைப்பையைத் தொட்டபடி கேட்டார்:
"பெரியாக்களுக்கு எவ்வளவு?"

"ஏறுங்க, பாப்பம்."

கூச்சத்தோடு ஏறினார்.
நெல் போதவில்லை.
மறுதட்டில் மூத்தவள் ஏறினாள், அசையவில்லை.
இரண்டாமவன். கடைக்குட்டி.
முள் கொஞ்சம் நடுங்கி நின்றது.
நீர்மேசையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தான் அளிக்கம்பைப் பையன்,
யாரையும் கேட்காமல் தொற்றிக்கொண்டான்.

வாப்பாவின் கால் நிலத்தை விட்டது.
அவர் போட்ட சத்தத்தில்
கூரைப் புறாக்கள் எழும்பின.
மூத்தவள் கீழேயிருந்து அவரை அண்ணாந்து பார்த்தாள்,
இந்த முறை கண்ணைத் திருப்பாமல்.

விலை எழுதும் இடத்தில் எழுதினேன்:
நாலு பிள்ளை.
அதில் ஒன்று பிறத்தி.