பிசிறு

ஆம்பூர் ஷூ கம்பெனியில்
லேஸ் கோக்கிற துளை போடுவது என் வேலை.
ஜோடிக்கு இருபத்திநாலு.
ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணுவதை
ரெண்டாவது வருஷமே விட்டுவிட்டேன்.
துளையைப் பற்றி மட்டும்
என்னிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

இறங்குகிற பக்கம் காசு மாதிரி வட்டம்.
வெளியே வருகிற பக்கம் பிசிறு தட்டும்.
கண்ணே வேண்டாம், கரண்ட் போனாலும்
கட்டைவிரல் சொல்லிவிடும்.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி பிணவறையில்
தம்பியின் சட்டையை ஒரு நிமிஷம் கையில் கொடுத்தார்கள்,
அடையாளம் காட்ட.
போன போனஸில் நான் எடுத்தது.
கத்திரிப்பூ கலர். 'பொண்ணுங்க கலருக்கா' என்று
ரெண்டு வாரம் போடாமல் மடித்தே வைத்திருந்தான்.

முதுகில் வட்டம்.
நெஞ்சில் பிசிறு.

நான் கத்தவில்லை.
திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தேன்.
'போதும்மா' என்று ஏட்டு பிடுங்கிக்கொண்டார்.

எதிரே நின்று கத்தியை ஓங்கினானாம்.
மணல் கடத்தல், ரோந்து, தற்காப்பு
என்று பேப்பரில் நாலு வரி.
பாலாற்றில் தண்ணிக்குத்தான் பஞ்சம்.

வண்டி அவனுடையதில்லை, மாடும் இல்லை.
ராத்திரிக்கு முந்நூறு ரூபாய், மண்வாரி மட்டும் எங்கள் வீட்டுது.
கூட இருந்த டில்லிபாபு சொன்னான்:
டார்ச்ச மூஞ்சில அடிச்சி
மொதல்ல கேட்டதே ஊரா காலனியான்னுதாங்கா.
காலனின்னான்.
அப்பால, ஓடுங்கடான்னாங்க.
ஓடினோம்.

அடுத்த வாரமே பெங்களூருக்குப் போய்விட்டான்.
போன் எடுப்பதில்லை.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்,
அவனுக்கும் ஒரு முதுகு இருக்கிறது.

குடியாத்தத்தில் ஆர்.டி.ஓ. விசாரணை.
நடுவில் டீ வந்தது, எனக்கும் ஒன்று.
சட்டையைப் பற்றிச் சொன்னேன். புரியாத மாதிரி பார்த்தார்.
மேஜையிலிருந்த ஃபைலில்
நாடா கோத்த ஓட்டையைக் காட்டினேன்.
இந்தப் பக்கம் வழவழன்னு இருக்கும் சார்,
திருப்பினா சொரசொரன்னு இருக்கும், தொட்டுப் பாருங்க.
தொட்டார். சத்தியமாகத் தொட்டார்.
ஒரு நொடி
அந்த அறையில் ரெண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.
பிறகு டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பினார்:
'சாட்சி உணர்ச்சிவசப்பட்ட நிலையில் காணப்பட்டார்.'

சட்டையாவது எங்கே என்று அலைந்தேன்.
ஸ்டேஷனில், லேபுக்குப் போய்விட்டது.
லேபில், வந்து சேரவில்லை.
வேலூருக்கும் சென்னைக்கும் நடுவில்
எந்த டோல்கேட்டில் இறங்கி நடந்ததோ.

மூணு வருஷம் கழித்து கோர்ட்டிலிருந்து ஒரு தாள்.
இந்தச் சாவுக்கு அவர்கள் போட்ட வழக்கு ஒன்றே ஒன்றுதான்.
காவலர்களைக் கொலை செய்ய முயன்றது.
எதிரி எண் ஒன்று: கெங்காதரன், வயது இருபத்திரண்டு.
எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு கைவிடப்படுகிறது.
சுட்டவர் பெயரும் இருந்தது,
புகார்தாரர் என்ற இடத்தில்.

அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன்.
'அப்போ கேஸ்லேர்ந்து உட்டுட்டாங்களா அவன?'
உட்டுட்டாங்கம்மா என்றேன்.
விபூதி எடுக்கப் போனாள்.

நேற்று கம்பெனியில்
சூப்பர்வைசர் ஒரு ஜோடியோடு வந்தார்.
நாக்கை மடக்கி உள்ளே காட்டினார், பிசிறு.
ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு தைத்திருக்கும்:
லைன், மெஷின், தேதி, யார் கை.
ஜெர்மனியில் எவனுக்கோ கால் உறுத்தினால்
ரெண்டே நாளில் என் மெஷினுக்கு வந்து நிற்பார்கள்.

'யார் போட்டது இது?'
நான்தான் சார் என்று
கை தூக்கினேன்.