காலி மேடையின் எடை

காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை.
எடைமேடையில் எதுவும் நிற்கவில்லை.
சிவப்பு எண் சொல்கிறது: நூற்று நாற்பது கிலோ.
கொஞ்சம் பொறுத்து, மைனஸ் அறுபது.

ஒண்ணுமில்லாததுக்கும் கீழே
என்னம்மா இருக்கும் என்று
டிராக்டரில் உட்கார்ந்தபடியே கேட்கிறார் திம்மராயன்.
அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து டிராக்டர்.
தார்ப்பாய்க்கடியில் பெங்களூரா காய் வெந்துகொண்டிருக்கிறது.
அன்வர் பாஷா குடை பிடிக்கிறார்,
எனக்கல்ல, போர்டுக்கு.

எலி கடித்திருக்கும் என்று குழிக்குள் இறங்கினேன்.
எலி இருந்தது. வயர் முழுசாக இருந்தது.

பத்து டன் ஏறினாலும் லோட்செல்கள் முனகுவது
சில மில்லிவோல்ட்.
அந்த முனகலைப் பேச்சாக்குவது
எட்டுக்கால் சில்லு ஒன்று, 358.
அதன் உள்ளீடு இரண்டையும்
துண்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன்.
இனி வித்தியாசமே கிடையாது,
பேச எதுவுமில்லை உனக்கு.

அது பேசியது.

சில்லை மாற்றினேன். புதியதும் அதே பொய்.
ரெசிஸ்டர்களை ஒரு காலைத் தூக்கி அளந்தேன்,
வண்ணம் சொன்னதையே மீட்டரும் சொன்னது.
சப்ளை ஐந்து வோல்ட். மீட்டருக்கு அது ஐந்துதான்.
மீட்டர் நிதானமான ஆள்,
சராசரியைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.
ஸ்கோப்பை மாட்டினால்
அந்த ஐந்தின் முதுகில் மெல்லிய நடுக்கம்,
காய்ச்சல்காரர் கையில் டம்ளர் தண்ணீர் போல.

யார் ஆட்டுகிறார்கள்?

லென்ஸைச் சரி செய்கையில்
சுண்டுவிரல் ஐந்தாம் காலில் உரசிவிட்டது.
"மேடம், எழுநூறு!"
விரலை எடுத்தேன். முப்பது.

ஒரு சில்லுக்குள் இரண்டு பேர்.
டிப்ளமோவில் படித்தது, பரீட்சையோடு போனது.
ஒருவர் எடை பார்க்கிறார்.
மற்றவருக்கு இந்த போர்டில் வேலை இல்லை.
ஐந்து, ஆறு, ஏழு,
மூன்று கால்களும் எந்தப் பாதையும் வராத இடத்தில்
ஈயத்தில் நிற்கின்றன.
வேலை கொடுக்காவிட்டால் சும்மா கிடப்பார் என்று
வரைந்தவர் நினைத்திருக்கிறார்.
காதை யார் மூடுவது?
டியூப்லைட், கூழ் மோட்டார், பாஷாவின் செல்போன்
எல்லாம் அதில் விழுகிறது.
விழுந்ததை லட்சம் மடங்காக்கி
மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் ஓடி ஓடிக் கத்துகிறார்.
சப்ளை இருவருக்கும் பொது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர்
மாங்காய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏழிலிருந்து ஆறுக்கு நக நீளக் கம்பி:
தான் சொன்னதைத் தானே கேட்கட்டும்.
ஐந்தைத் தரைக்கு.
பற்றவைத்த புகை கண்ணில் ஏற, நிமிர்ந்தேன்.

சைபர்.

நம்பவில்லை. டியூப்லைட்டை அணைத்துப் போட்டேன்.
செல்போனை ஒட்டிப் பிடித்தேன். சைபர்.
செருப்பைக் கழற்றாமல் நானே ஏறி நின்றேன்.
அறுபது.
வீட்டில் ஐம்பத்தேழு. லாரி மேடை
பத்துப் பத்தாகத்தான் எண்ணும், யாராக இருந்தாலும்.

திம்மராயன் ஏற்றினார்.
வண்டியோடு ஐயாயிரத்து எண்ணூற்று இருபது.
சீட்டை வாங்கியவர் மடிக்கவில்லை.

"இந்த போர்டு எப்ப மாட்டினதுங்க?"
"சித்திரையில," என்றார் பாஷா.
"வைகாசியில நான் ஏழு லோடு அடிச்சேன்."

கூடவும் காட்டியிருக்கும்,
குறையவும் காட்டியிருக்கும் என்றேன்.
பொய்யில்லை அது.

"கூடக் காட்டின அன்னிக்கு
எவன் வந்தானோ."

பாஷா குடையை மடக்கிவிட்டு
சீட்டுப் புத்தகத்தின் கார்பன் தாள்களைப் புரட்டினார்,
நீலம் அவர் விரலில் ஒட்டியது.
அடுத்த டிராக்டர் ஹாரன் அடித்தது.
மூடியின் நான்காவது திருகைக்
குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்,
அது கிடைத்த பிறகும்.