சிறியது, ஆனால் சுத்தமானது

திங்கள் காலை ஒன்பதுக்கு
அறிக்கை நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.
இப்போது இரவு பதினொன்று. மாரிபோர் முழுக்கப் பனிமூட்டம்.
த்ராவா ஆறு இன்னும் அங்கேதான் ஓடுகிறது என்பது
பாலத்து விளக்குகளை வைத்துத்தான் தெரிகிறது.

இந்தக் கரையில் தாய் வீடு.
அந்தக் கரையில் தந்தை வீடு.
வாராவாரம் பாலம் கடக்கிறது
த்யாஷாவின் முதுகுப்பை,
அதன் அடியில் ஏழு வயது.

எழுதினேன்:
'தாய்க்கு நிரந்தர வேலை. மாறாக, தந்தைக்கு
டயர் கடையில், குளிர்காலம் தொடங்கும்போது மட்டும்.'
மாறாக.
எனக்குக் காபி நீட்டியபோது அந்த மனிதர்
நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைத்
துண்டால் மறைத்தது நினைவுக்கு வந்தது.
அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

'தந்தையின் வீடு சிறியது, ஆனால் சுத்தமானது.'
திருப்பிப் போட்டேன்:
'சுத்தமானது, ஆனால் சிறியது.'
அதே வீடு, அதே நாற்பது சதுர மீட்டர்.
முதல் வரியில் பிள்ளை அங்கே தூங்குகிறாள்.
இரண்டாவதில் பெட்டி கட்டுகிறாள்.

இருபத்திரண்டு வருடம்.
எத்தனை பிள்ளைகளை ஓர் ஆனாலைத் தூக்கி வைத்து
அக்கரைக்கு அனுப்பினேனோ.

'ஒப்பிட்டு எழுது நெவென்கா' என்பார் மேலதிகாரி ஸ்லாவ்கோ,
'நீதிபதிக்கு நேரமில்லை.'
நியாயம்தான்.
தராசில் தட்டு இரண்டு இருந்தால் போதாது,
முள் ஒன்று வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம் எனக்கு.

குறிப்பேட்டைப் புரட்டினேன்.
தாய் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு குதிரைப் படம், மூன்று கால்.
தந்தை வீட்டிலும் குதிரை. அதற்கும் மூன்றே கால்.
'நாலாவதை மடக்கி வெச்சிருக்கு,
கிளம்பப் போகுது' என்றாள் த்யாஷா.

அதற்குக் கீழே என் கிறுக்கல்:
'ராத்திரி தண்ணீர் கேட்பாள்,
விளக்கைப் போடாமல் கொடுக்கணும்.'
சொன்னது தாய்.
மூன்று பக்கம் தள்ளி
தந்தை, ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல்.
இரண்டு வருடமாக ஒருவரோடொருவர் பேசாதவர்கள்.

அதை எழுத இருப்பது ஓர் உம்.
தனியாக நிற்கத் தெரியாது அதற்கு,
யாரையாவது பற்றிக்கொண்டால்தான் உயிர்.
'தாயும் அறிவார். தந்தையும் அறிவார்.'
இதை வெட்ட மாட்டேன்,
ஸ்லாவ்கோ சிவப்பில் சுழித்தாலும்.

மணி ஒன்றரை.
கடைசிப் பத்தி.
'எனினும்' என்று தட்டிவிட்டு நிறுத்தினேன்.
அதற்கு அடுத்து வர வேண்டியது
ஒரே ஒரு முகவரி.