எண்பத்தேழில் ஒன்று

இன்ஜின் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது.
இரண்டு மாதச் சம்பளம்.
பேரளத்து மருந்துக் கடையில் என்ன தருவார்கள் என்று
தெரிந்தவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

மீதியெல்லாம் பொறுக்கியது.

சிக்கந்தர் கடையில் சாறு போன டீத்தூளை
மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்தால்
உழுது போட்ட வயல்.
மாத்திரை தீர்ந்த அட்டையின் வெள்ளித் தகட்டில்
தீர்ந்த ரீஃபிலால் கோடு இழுத்தால்
கூட்ஸ் ஷெட்டுக்குத் தகரக் கூரை.
பெருமாள் கோயில் குப்பையில் காய்ந்த துளசிக் கதிர்,
பச்சைப் பொடியில் புரட்டினால் வேப்பமரம்;
மோந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.
ஃபிரிட்ஜ் இறக்கும் நாளெல்லாம்
ஞானப்பிரகாசம் போன் பண்ணுவார்:
“தெர்மாகோல் வந்திருக்கு, மழைக்கு முன்னாடி வா.”

மலைக்கு என்று நினைத்திருக்கிறார்.
படங்களில் பார்க்கும் பொம்மை ரயிலுக்கெல்லாம்
ஒரு மலை உண்டு, மலைக்கு ஒரு குகை.
பாதி வட்டத்தை அதற்குள் ஒளித்துவிட்டால்
வண்டி எங்கோ போய்வருகிறது என்று நம்பலாம்.
எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் கரை.
பூந்தோட்டத்தில் கிளம்பினால்
இங்கே விளக்கு தெரிந்துவிடும்.
மலைச் செலவு மிச்சம்தான்.
ஆனால் போன வண்டியேதான் வந்த வண்டி என்பது
பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது.

ஜல்லிக்கு முதலில் குருணை போட்டேன்.
ரேஷன் அரிசியில் புடைத்தது, சும்மா கிடந்தது.
ராத்திரி கறுக் முறுக் என்று சத்தம்.
டார்ச் அடித்தால் இரண்டாம் பிளாட்பாரத்தில்
மீசை துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
சுண்டெலிதான்.
என் கணக்கில் இருபத்தைந்து அடி.
தீக்குச்சியில் செதுக்கிய ஸ்டேஷன் மாஸ்டர்
கொடியோடு மல்லாந்து கிடந்தார்.
பயத்தில் இல்லை, வால் பட்டு.

பிறகுதான் அரசலாற்று மணல்.
வடிகட்டியில் இரண்டு தடவை சலித்து,
ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து
ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக.
எண்பத்தேழால் பெருக்கினால்
ஒரு துகள் ஓர் எலுமிச்சம்பழம்.
ஞாயிற்றுக்கிழமை முழுக்க
எலுமிச்சம்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
இடுப்பு மட்டும் எண்பத்தேழில் ஒன்றாகவில்லை.

ஆறு பாக்கி.
வார்னிஷ் கால் லிட்டர் நூற்றெண்பது என்கிறார்
ஹார்டுவேர் கடைக்காரர், ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
பழைய எக்ஸ்ரே வைத்துப் பார்த்தேன்.
பாலத்துக்கு அடியில்
யாருடைய விலா எலும்போ ஓடியது.
எடுத்துவிட்டேன்.
இப்போது வெறும் மணல்,
ஓரத்தில் தேங்காய் நாரில் கொஞ்சம் கோரை.

ஜூன் கடைசி.
தொட்டியில் தண்ணீர் பார்க்க மாடிக்கு வந்த
அமிர்தகடேசன் மாமா, குனிந்து,
வண்டியைப் பார்க்காமல்
பாலத்தின் கீழே பார்த்தார்.
“தண்ணி எங்கம்மா?”
“இன்னும் வரலை மாமா.”
“நம்ம கடைமடை இல்லையா,”
என்று வேட்டியை மடித்துக் கட்டினார்,
“கடைசியாத்தான் வரும்.”