வேறு காரணம்

க்வார்தா என்றால் காவல்.
மலைமேல் கருங்கல்லில் கட்டிய போர்ச்சுகல் ஊர்.
ஜனவரியில் அங்கே
கல்லும் ஆளும் ஒரே பதத்தில் இறுகிப்போவார்கள்.

இதலினா மூன்றாம் மாடிக்கு நடந்தே ஏறினாள்.
லிஃப்ட் இருக்கிறது.
அதில் "நாளை சரியாகும்" என்று ஓர் அறிவிப்பும் இருக்கிறது,
போன வருடத் தேதியிட்டு.

கையில் கணக்கெடுப்புக் கருவி.
விரல் விறைத்துவிட்டால் திரை தொடுதலை ஏற்காது.
ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி,
பாதியில் நின்ற வீட்டுக்கு ஒன்றும் கிடையாது.
முப்பத்தாறு வயதில் அவள் கட்டில்
இன்னும் பெற்றோர் வீட்டில் கிடக்கிறது.
படிவத்தில் அதற்கும் ஒரு கேள்வி உண்டு,
கேட்பவளை யாரும் கேட்பதில்லை.

கதவைத் திறந்த எர்மீனியு
ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோட்டில் இருந்தார்.
"கழற்றிவிடாதே" என்றார்.
அங்கே "வாங்க" என்பதற்கு அடுத்த சொல் அதுதான்.

சொந்த வீடா? சொந்தம்.
கடன்? தீர்ந்தது.
தொலைக்காட்சி? இரண்டு.
இணையம்? ஃபைபர், அம்மா, ஃபைபர்!
ஜெர்மனியில் என் மைத்துனனுக்குக்கூட
இந்த வேகம் இல்லை.
கார்? கீழே நிற்கிறது.
நெடுஞ்சாலையும் இருக்கிறது, ஐரோப்பாவின் பணம், பட்டு மாதிரி.
சுங்கம் இருந்தவரை பயந்து பழைய பாதையில் போனோம்.
இப்போது சுங்கம் இல்லை,
போவதற்கு இடமும் இல்லை.
மருத்துவம்? இலவசம்.
முழங்காலுக்கு முறை வரப் பதினோரு மாதம்,
அதுவரை வலியும் இலவசம்.

இதுவரை பணக்கார வீடுதான்.
பிறகு அந்தக் கேள்வி வந்தது:
குளிர்காலத்தில் வீட்டைப் போதிய கதகதப்பில்
வைத்திருக்க முடிகிறதா?

"முடிகிறது" என்றார்.
சொல்லோடு வெள்ளையாய் ஆவியும் வந்தது.
அது கலையும்வரை
இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

சமையலறையிலிருந்து கிராசியெத்:
"முடியாதென்று போடு, பெண்ணே."
"நாம் என்ன ஏழைகளா?"
"ஏழை என்று யார் சொன்னது? குளிர்கிறது என்றேன்."
"ஏழை என் அப்பா. செருப்பில்லாமல்
எல்லை தாண்டி பிரான்சுக்கு நடந்தவர்.
இது வளர்ந்த நாடு."
"வளர்ந்த நாடுதான். நானும் வளர்ந்தவள்தான்,
அறுபத்தைந்து வயதில்.
இனி எந்தப் பக்கம் வளர?"

அப்போது மேசையில் கிடந்த திரை ஒலித்தது.
லக்சம்பர்க்கிலிருந்து மகன்,
அரைக்கைச் சட்டையில், ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு.
அவன் முதுகுக்குப் பின் ஜன்னலில் பனி கொட்டுகிறது.
"வெளியே மைனஸ் ஒன்பது" என்று சிரிக்கிறான்.
வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் பொருத்துவது அவன் வேலை.
துளி அறுபடாமல் தெரிகிறது அந்தச் சூடு,
ஃபைபர் அல்லவா.

எழுதுகிற நான் இங்கே சற்று நிற்கிறேன்.
பிள்ளைக்கும் பணத்துக்கும் என் மொழியில் செல்வம் என்றே பெயர்.
அதன் தலையிலேயே 'செல்' என்று எழுதியிருக்கிறது.

இதலினா விடைகளை வாசித்தாள்:
ஆம்.
இல்லை, வசதி போதாததால்.
இல்லை, வேறு காரணம்.
எர்மீனியு எட்டித் தானே அழுத்தினார்,
மூன்றாவதை.
"என்ன காரணமாம்?" கிராசியெத் கேட்டாள்.
"பழக்கம்."
முதலில் சிரித்தவள் அவள்தான்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.

அடுப்பிலிருந்து எடுத்த செஸ்ட்நட் கொட்டைகளை
நாளிதழில் சுற்றி
இதலினாவின் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.
ஐரோப்பிய சராசரி பற்றிய பக்கமோ, கால்பந்துப் பக்கமோ,
யார் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு மணியை அழுத்தினாள்.
கதவில் ஒட்டிய சீட்டு: ஆகஸ்டில் இருப்போம்.
படிவத்தில் 'ஆள் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள்.
திரை ஏற்கவில்லை.
விரலைப் பைக்குள் விட்டு
கொட்டைகளின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
பிறகு மறுபடி தொட்டாள்.